காது கேட்காதது யாருக்கு?

"என்னடா சொன்னான் அவன்?"

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது ஒலிக்கிற கேள்வி இது. கேட்பவர் அம்மா. வயது 76. சீரியலில் புருஷன்காரன் ஏதோ சொல்லியிருப்பான், பெண்டாட்டி அழ ஆரம்பித்திருப்பாள். எதற்கு அழுகிறாள் என்று அம்மாவுக்குப் புரியாது. நான் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த மூன்று வசனம் போய்விடும். அம்மா ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டுவார். உள்ளறையில் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள் "பாட்டீ..." என்று அலறுவாள். அம்மா குறைப்பார். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும், "என்னடா சொன்னான்?"

வீட்டில் எல்லோரும் கூடி ஒருமனதாகத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அம்மாவுக்குக் காது கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரன்ட் போனது. டிவி அணைந்தது, ஃபேன் நின்றது. சமையலறையில் என் மனைவி என்னிடம் ரகசியம் போல ஒரு விஷயம் சொன்னாள். ஒரு கல்யாணத்துக்கு மொய் எழுதுவது பற்றி. ஹாலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "அவங்க நமக்கு எழுதினது ஆயிரத்தொண்ணும்மா. பாத்து எழுதுங்க."

பன்னிரண்டு அடி தூரம். நடுவில் ஒரு சுவர். அது கேட்டிருக்கிறது.

"வேண்டாததெல்லாம் அத்தைக்கு நல்லாக் கேக்கும்" என்று வழக்கமான ஜோக்கை அடித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். எல்லா வீட்டிலும் இதே ஜோக் உண்டு. ஆனால் எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. அன்று ராத்திரி, அம்மா தூங்கப் போன பிறகு, அவர் உட்காரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீரியல் கேட்டேன்.

எனக்கும் பாதி புரியவில்லை.

*

கண்ணைத் திறந்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். டிவிக்குக் கீழே நீளமாக ஒரு மர யூனிட். அதில் தரையோடு ஒட்டி இரண்டு பெட்டிகள். பெட்டிகளுக்குப் பூ வேலைப்பாடு செய்த ஜாலிக் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால், முக்கால் அடி உள்வாங்கி, செட்டாப் பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்த மாதிரி என் இரண்டு ஸ்பீக்கர்கள்.

அங்கே வைத்தது நான்தான். ஆனால் அந்தப் பொந்தைச் செய்தவர் வேறு.

ஃப்ளாட் வாங்கியபோது இன்டீரியர் டிசைனர் ஒருவர் கம்ப்யூட்டரில் ஹாலை முப்பரிமாணத்தில் சுற்றிக் காட்டினார். அதில் பூ ஜாடி இருந்தது. இங்கிலீஷ் புத்தகம் இரண்டு சாய்ந்திருந்தது. மேலிருந்து மஞ்சள் வெளிச்சம் வழிந்தது. நாற்காலியில் மட்டும் யாரும் இல்லை. "ஸ்பீக்கர் எங்கே சார் வைக்கிறது?" என்று கேட்டேன். "அதெல்லாம் உள்ள கன்சீல் பண்ணிடலாம் சார். வெளிய தெரிஞ்சா லுக் போயிடும்" என்றார்.

கன்சீல் என்ற வார்த்தையை அன்று ரசித்துக் கேட்டேன். மறைப்பது என்று அர்த்தம். பொய் கணக்கு, கறுப்புப் பணம் போன்றவற்றை மறைப்பார்கள். பேசுகிற ஒரு பொருளை மறைத்துவிட்டு அது தெளிவாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா? ஒருவர் வாயில் கையை வைத்துப் பொத்திவிட்டு, எதிரே இருப்பவரைப் பார்த்து 'உனக்குக் காது கேட்கலை' என்று சொல்வது மாதிரி இல்லை?

பி.காமில் படித்ததில் எனக்கு இன்றும் மறக்காத பாடம் ஒன்று உண்டு. ஒருவருக்கு எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அதைத்தான் அவர் செய்வார். மர வேலைக்கு நாம் சதுர அடிக் கணக்கில் காசு கொடுக்கிறோம். பலகை எவ்வளவு அடைக்கிறதோ அவ்வளவு பில். திறந்து விட்ட இடத்துக்கு பில் கிடையாது. ஆகவே சுவரில் ஒரு அங்குலம் காலி விடாமல் அடைப்பார்கள். லாஃப்ட், ஷட்டர், ஜாலி, அதன் மேல் சன்மைக்கா. காற்றும் சத்தமும் வருகிற வழி, டிசைனரின் கணக்கில் வராத வருமானம்.

அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, காபி குடித்துவிட்டு, "ஹால் சூப்பரா இருக்கே!" என்று சொல்லிவிட்டுப் போகிற விருந்தாளியின் கண்ணுக்காக ஹாலைக் கட்டுகிறோம். தினமும் எட்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் காதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பணம் கொடுத்தது நான். கையெழுத்துப் போட்டதும் நான்.

*

மரப் பொந்துக்குள் போனால் குரலுக்கு என்ன ஆகிறது? இதைக் கண்டுபிடிக்க லேபரட்டரி வேண்டாம். ஒரு வெண்கலக் குடத்தை எடுத்து அதன் வாய்க்குள் பேசிப் பாருங்கள். குரல் பெரிதாக இருக்கும், வார்த்தை கொழகொழவென்று இருக்கும்.

காரணம் எளிது. ஒரு பக்கம் திறந்த பெட்டிக்கு அதன் ஆழத்துக்கு ஏற்ற ஒரு சொந்தக் குரல் உண்டு. 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள பொந்து, சுமார் 200 ஹெர்ட்ஸில் முழங்கும். மனிதப் பேச்சின் கனமான பகுதி சரியாக அங்கேதான் இருக்கிறது. போதாததற்கு ஸ்பீக்கருக்குப் பின்னால் சுவர், கீழே பலகை, பக்கத்தில் பலகை. ஒவ்வொரு பரப்பும் கனத்த சத்தத்தை மட்டும் தூக்கிவிடும். ஒரே ஒரு சுவரே அதிகபட்சம் 6 டெசிபல் வரை கூட்டும். பொந்துக்குள் நாலைந்து சுவர்.

இன்னொரு பக்கம், வார்த்தையை வார்த்தையாக ஆக்குகிற மெல்லிய சத்தங்கள் இருக்கின்றன. தட்டு, தப்பு, தத்து. காசு, காது. இவற்றைப் பிரித்துக் காட்டுபவை ட், ப், த், ச் என்கிற மெய்கள். அவை பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிகக் குறைந்த பலத்தோடு வருகின்றன. 5000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு சென்டிமீட்டர்தான். எதிரே ஒரு கதவுப் பலகை இருந்தால் அந்த அலை அதைச் சுற்றி வளைந்து வராது. 100 ஹெர்ட்ஸ் அலையோ மூன்றரை மீட்டர் நீளம். கதவு, பலகை, சோபா எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு தாராளமாக வந்து சேரும்.

ஆக, ஜாலிக் கதவைத் தாண்டி அம்மாவிடம் வந்தது 'ஆ', 'ஓ', 'ஊ'. உள்ளேயே செத்தது 'க்', 'ச்', 'ட்', 'த்'. தொல்காப்பியர் மெய் என்றால் உடம்பு, உயிர் என்றால் உயிர் என்று வைத்தார். எங்கள் டிவி யூனிட் உயிரை மட்டும் அனுப்பிவிட்டு உடம்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தது.

ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? கொழகொழப்பும் சேர்ந்து கூடும். கனத்த சத்தம் பலமாக இருந்தால் மெல்லிய சத்தத்தை அமுக்கிவிடும். அதனால்தான் அம்மா கூட்டினாலும் புரியவில்லை, குறைத்தாலும் புரியவில்லை.

*

நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. வயதானால் காது மந்தமாகாதா? ஆகும். மறைக்க மாட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் கவனிக்க வேண்டிய அளவு கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அம்மாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயதுக்குரிய குறைவு இருக்கிறது, உச்சத்தில் இருக்கும் மெல்லிய சத்தங்களில்தான் என்றார் டாக்டர்.

யோசித்துப் பாருங்கள். வயது முதலில் எடுத்துக்கொள்வது மெல்லிய சத்தத்தை. எங்கள் மர யூனிட் எடுத்துக்கொண்டதும் அதையேதான். ஒருவருக்குக் கண் பார்வை மங்க ஆரம்பிக்கும்போது வீட்டில் இருக்கிற நல்ல பல்பையும் கழற்றி வைப்போமா? அதைத்தான் செய்திருக்கிறோம். செய்துவிட்டு, பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டிருக்கிறோம். 'உங்களுக்குக் கேக்கலை' என்று பத்துத் தடவை சொல்லுங்கள். பதினோராவது தடவை அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். பிறகு பேச்சில் கலந்துகொள்வதை நிறுத்துவார். டிவி ஓடும், அவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். அந்த மௌனத்தை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்!

*

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. இசை ரசிக மேதாவிகள். அவர்களிடம் போய் "கப்போர்டுக்குள்ள வைக்க நல்ல ஸ்பீக்கர் சொல்லுங்க" என்று கேட்டால் நம்மைத் தீண்டத்தகாதவர் போலப் பார்ப்பார்கள். "கப்போர்டா? அதை உடைச்சுத் தூக்கிப் போடுங்க சார். சுவரில் இருந்து மூணு அடி தள்ளி ஸ்டாண்டில் வைக்கணும்."

பத்துக்குப் பதினான்கு ஹாலில் சுவரில் இருந்து மூணு அடி தள்ளி வைத்தால், ஸ்பீக்கர் சோபாவில்தான் உட்கார வேண்டும். ஸ்பீக்கரைச் சுவருக்குள்ளேயே பதிக்கச் சொல்கிற இன்னொரு கும்பலும் உண்டு. அந்த மாடல்கள் அமெரிக்காவில் மரச் சட்டம் அடித்து உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டுகிற சுவருக்காகச் செய்யப்பட்டவை. நம் செங்கல் சுவரைக் கொத்தலாம், கஷ்டம். இப்போது வருகிற பல அடுக்குமாடிகளில் மிவான் முறையில் சுவரே கான்கிரீட். அதுதான் கட்டடத்தைத் தாங்குகிறது. அதைக் கொத்தினால் ஸ்பீக்கர் மட்டும் ஆடாது.

கப்போர்டு ஸ்பீக்கர் என்றாலே மட்டம் என்று பேசுகிறவர்களுக்கு எட்கர் வில்ச்சர் என்ற பெயரை நினைவூட்ட வேண்டும். 1950-களின் ஆரம்பம் வரை நல்ல கனத்த சத்தம் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும் என்பதுதான் நிலைமை. வில்ச்சர் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் மாதிரி பயன்படுத்தினார். ஹென்றி க்ளாஸ் என்பவரோடு சேர்ந்து அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். 1954-ல் ஏ.ஆர். 1 என்ற ஸ்பீக்கர் வந்தது. புத்தக அலமாரியில் வைக்கிற அளவுள்ள பெட்டி, பீரோவோடு போட்டி போட்டது. சாதாரணக் குடும்பத்தின் அறைக்குள் நல்ல ஒலி நுழைந்தது அப்படித்தான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய பிற்காலம். 1967-ல் கம்பெனியை விற்றுவிட்டு அவர் காது கேட்கும் கருவி ஆராய்ச்சியில் இறங்கினார். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டாமல், கனத்த பகுதியையும் மெல்லிய பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து, கேட்காததை அதிகம் தூக்கிக் கொடுக்கிற முறையை 1973-ல் வெளியிட்டார். பேட்டன்ட் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். 2011-ல், 94 வயதில் இறந்தார். வீட்டு ஸ்பீக்கரைச் சின்னதாக்கியவரும் கேட்காத காதுக்காக உழைத்தவரும் ஒரே ஆள். ஸ்பீக்கரும் காதும் ஒரே குடும்பம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் டிசைனருக்குத் தெரியவில்லை.

*

சரி, பொந்து கட்டியாகிவிட்டது. பணமும் போய்விட்டது. என்ன செய்யலாம்?

முதலில், வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள். கடைக்காரர் '200 வாட்ஸ் சார்' என்பார். வாட்ஸ் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கிற எண்ணுக்கும் வசனம் புரிவதற்கும் சம்பந்தமே இல்லை.

ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். பொந்தின் உள் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் முகம் ஷெல்ஃபின் விளிம்புக்குச் சமமாக வந்து நிற்க வேண்டும். உள்வாங்கினால் போச்சு. பெட்டி குட்டையாக இருந்தால் பின்னால் முட்டுக் கொடுத்து முன்னால் தள்ளுங்கள். சுற்றி இருக்கும் இடைவெளியில் ஃபோம் அடையுங்கள், குடத்தின் முழக்கம் குறையும்.

ஸ்பீக்கரைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பின்னால் வட்டமாக ஓட்டை இருந்தால், அது மூச்சு விடுகிற வழி. அதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கொழகொழப்பு இன்னும் ஏறும். பொந்துக்கு ஏற்றது ஓட்டையே இல்லாத மூடிய பெட்டி. இல்லாவிட்டால் ஓட்டை முன்பக்கம் உள்ளது. ஏற்கெனவே பின் ஓட்டைக்காரரை வாங்கிவிட்டீர்களா? சில கம்பெனிகள் அதை அடைக்க ஃபோம் தக்கையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அட்டைப் பெட்டியை எறியும்முன் தேடுங்கள்.

ஜாலிக் கதவுக்கு ஒரு பரீட்சை. அதன் ஒரு பக்கம் வாயை வைத்து ஊதுங்கள், மறுபக்கம் கையை வையுங்கள். காற்று தாராளமாக வந்தால் சத்தமும் வரும். வராவிட்டால் ஆசாரியைக் கூப்பிட்டு, சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மெல்லிய ஸ்பீக்கர் துணி அடிக்கச் சொல்லுங்கள். லுக்கும் போகாது.

அடுத்த பரீட்சை இன்னும் சுலபம். வீட்டில் வயதானவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்பீக்கரில் மேலே சின்ன வட்டம் ஒன்று இருக்கும், ட்வீட்டர் என்பார்கள். அது உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் 'ச்' காதுக்கு வராது. நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது தரையில் இருந்து சுமார் மூன்று அடி உயரத்தில் இருக்கிறது. ஸ்பீக்கர் தரையில் கிடந்தால் முன்பக்கம் ஒரு ரப்பர் ஆப்பு வைத்து அதன் முகத்தை மேலே நிமிர்த்துங்கள். பத்து ரூபாய் சமாச்சாரம்.

சவுண்ட் பார் வாங்குகிறவர்கள் கவனிக்க: மேலே பார்த்து சத்தம் அனுப்பி, கூரையில் பட்டுத் திரும்புகிற மாடல்கள் உண்டு. அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு ஷெல்ஃபுக்குள் சொருகினால், நீங்கள் காசு கொடுத்து ப்ளைவுட்டுக்குப் பாட்டுப் போடுகிறீர்கள். ஐந்து ஸ்பீக்கர் செட் வைத்திருப்பவர்கள், நடு ஸ்பீக்கரை மட்டுமாவது வெளியே எடுங்கள். வசனத்தில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. நம் வீடுகளில் அதுதான் பெரும்பாலும் அடித்தட்டில், செருப்பு மாதிரி உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரைக் கதவு போட்ட பெட்டிக்குள் அடைக்காதீர்கள். அது சூடாகும், சீக்கிரம் ஆயுள் முடியும்.

இது எதுவும் முடியாவிட்டால், அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வையுங்கள். தூரம் பாதியானால் திறந்த வெளியில் 6 டெசிபல் லாபம். நாலு மடங்கு வாட்ஸுக்குச் சமம். அறைக்குள் கொஞ்சம் குறையும், ஆனாலும் லாபம்தான். பக்கத்து அறையில் படிக்கிற பேத்திக்கும் தொந்தரவு இல்லை.

இனிமேல்தான் வீடு கட்டப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். டிசைனர் முப்பரிமாணப் படத்தைக் காட்டும்போது, "இந்த நாற்காலியில் எங்கம்மா உட்காருவாங்க. அவங்க காதுக்கு நேரா எது இருக்கு?" என்று கேளுங்கள். பலகைக்கு பில் போடுகிறவர் பதில் சொல்லட்டும். பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

*

எங்கள் வீட்டில் ஜாலிக் கதவு கழற்றப்பட்டது. ஸ்பீக்கர் விளிம்புக்கு வந்தது, ஆப்பு வைக்கப்பட்டது, ஃபோம் அடைக்கப்பட்டது. ஆசாரிக்கு அரை நாள் வேலை. மனைவிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், பூ வேலைப்பாடு போய்விட்டதே என்று.

அன்று சாயங்காலம் அம்மா வழக்கம் போல நாற்காலியில் உட்கார்ந்தார். சீரியல் ஆரம்பித்தது. புருஷன்காரன் பேசினான். அம்மா ரிமோட்டைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இந்தப் பய இத்தனை நாளா முணுமுணுத்துக்கிட்டே இருந்தான்டா. இன்னிக்குத்தான் வாயைத் திறந்து பேசறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும். மூன்று வருஷமாக அவருக்குக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதுதான் எங்களுக்குக் கேட்கவில்லை.

இப்போதும் 'என்னடா சொன்னான்?' நிற்கவில்லை. நாளைக்கு நாலு தடவை வருகிறது. அதில் ஒன்றுக்கு வயது காரணம். மற்ற மூன்றுக்கும் அந்த சீரியலின் கதாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும்.